பக்கத்து எழுத்து

நாச்சிமுத்துவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவர் வெட்கப்பட நேர்ந்தது வேறு ஒரு காரியத்துக்காக.

குருவின் பெயர் கோகிலவாணி. திருப்பூரில் பனியனுக்கு லேபிள் அச்சடிக்கும் கம்பெனி நடத்துகிறவர். ஆனால் அவருக்குப் பெயர் வந்தது லேபிளால் அல்ல, காசால். ஒரு நாணயத்தை வாங்கிப் பார்த்து, இது நாணயச் சாலையிலேயே பிழையாகப் பிறந்தது, இது வெறும் தேய்வு என்று அவர் சொல்லிவிட்டால் சென்னையில்கூட மறுபேச்சு கிடையாது.

நாச்சிமுத்து ஓய்வு பெறும் வரை ஏற்றுமதிக் கம்பெனிகளில் குவாலிட்டி பார்த்தவர். தைத்து வந்த பனியனை விளக்குக்குக் கீழே விரிப்பார். எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே கறை என்று கண்டுபிடிப்பார். அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, "ஆகாது" என்று தள்ளிவிடுவார். 'ஆகாது' நாச்சிமுத்து என்றே கம்பெனியில் பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேலையை விட்ட பிறகும் சட்டைப் பையில் ஒரு தாள் அம்பு ஸ்டிக்கர் இருக்கும். சிலர் சீப்பு வைத்திருப்பதில்லையா, அந்த மாதிரி.

நாணயச் சங்கம் மாதம் ஒரு ஞாயிறு கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடும். வாசல் பக்கத்து மேசை பொதுமக்களுக்கு. 'இந்தக் காசு உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி' என்று போனில் எவனோ அளந்துவிட்டதை நம்பி, உண்டியலை உடைத்துக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். அவர்களுக்கு உள்ளதைச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த மேசையில் நாச்சிமுத்துவை உட்காரவைத்தது கோகிலவாணிதான். தன்னுடைய பூதக்கண்ணாடியையும் கொடுத்திருந்தார்.

அந்த நாற்காலி நாச்சிமுத்துவுக்கு உயிர். ஓய்வுக்குப் பிறகு அவரை மதித்து யாராவது ஒரு கேள்வி கேட்டார்கள் என்றால் அது அங்கேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூரிலிருந்து மயிலாத்தாள் என்று ஒரு அம்மா வந்தார். ஒரு துணி முடிச்சை அவிழ்த்து ஒற்றை ஒரு ரூபாய்க் காசை மேசைமேல் வைத்தார்.

"எங்கூட்டுக்காரரு வெச்சிருந்ததுங்க. பஸ்ஸுல கண்டக்டரு. டிக்கெட் காசுல வந்துதாமா. 'இது தப்பாப் பொறந்த காசு, செலவு பண்ணிராத'ன்னு சொல்லுவாருங்க. போன வருசம் தவறிட்டாரு."

"விக்கறதுக்குங்களா?"

"இல்லீங்க. அவரு சொன்னது நெசமான்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். நாச்சிமுத்து காசை எடுத்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். பார்க்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அச்சுத் தேஞ்சதுங்க" என்றார். "அச்சு பழசானா எழுத்து இப்படித்தான் மொட்டையாப் போகும். ஊருல பாதிக் காசு இந்தக் கதிதான்."

"அப்பத் தப்பு இல்லீங்களா?"

"காசுல தப்பு இல்லீங்க. அதைப் பொட்டியில வெச்சுப் பூட்டுனாரு பாருங்க, அதுதான் தப்பு."

கூட்டம் சிரித்தது. சிரித்ததும் நாச்சிமுத்துவுக்கு இன்னும் ஒரு படி ஏறத் தோன்றியது.

"உங்கூட்டுக்காரரு டிக்கெட் கிழிக்கறதோட நிறுத்தியிருக்கலாம். போறப்ப வாசல்ல ஒரு டீ குடிங்க. அங்க இந்தக் காசு நல்லாச் செல்லும்."

இந்த முறை இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மயிலாத்தாளும் சிரித்தார். வெறும் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார். வாசல் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, சில்லறையோடு அந்தக் காசையும் சேர்த்துக் கொடுத்தார். நாச்சிமுத்து அதையும் உள்ளேயிருந்து பார்த்தார். சொன்னதைக் கேட்கிற மனுஷி என்று நினைத்துக்கொண்டார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. மேசைக்கு வரும் காசையெல்லாம் படம் பிடித்து வைப்பது சங்கத்தின் வழக்கம். சாயங்காலம் அந்தப் படத்தைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'புதியவர்கள் கவனத்துக்கு. தேய்ந்த அச்சுக்கு நல்ல உதாரணம்' என்று மேலே ஒரு வரி. கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. கோகிலவாணியின் விரல் மட்டும் வரவில்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"ங்ணா, அந்த ஒரு ரூவா எங்க இருக்குது?"

"அது தேஞ்ச அச்சுங்க அம்மிணி."

"படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. மொட்டையா இருக்கற ரெண்டு எழுத்தை உடுங்க. பக்கத்து எழுத்தைப் பாருங்க."

நாச்சிமுத்து பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்து எழுத்து கத்திமுனையாக நின்றது. சிங்கத்தின் பிடரியில் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. அச்சு தேய்ந்திருந்தால் எல்லா எழுத்தும் ஒன்றுபோல ஊதிப்போய் விளிம்பைப் பார்த்து வழிந்திருக்கும். கைபட்டுத் தேய்ந்திருந்தால் மேடான இடம் முதலில் மழுங்கியிருக்கும். இதில் நடுவிலே இரண்டு எழுத்து மட்டும் இல்லை. அந்த ஒரு அடியின்போது அச்சின் குழியில் இயந்திரத்து மசகு எண்ணெய் போய் அடைத்திருக்கிறது. அரிச்சுவடிப் பாடம் இது. போன வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவரே நடத்திய பாடம்.

அவருக்குக் காது மடல் சுட்டது.

"வெலை பெருசா ஒண்ணும் போகாதுங்ணா" என்றார் கோகிலவாணி. "ஆனா நெசமான தப்பு. அந்தக் கண்டக்டர் சரியாத்தான் பாத்திருக்காரு."

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

நாச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார்.

"ஒரு ரூவாக் காசுங்களா?" டீக்கடைக்காரர் முதலில் நம்பவில்லை. "நேத்து மண்டபத்துல அவ்வளவு கூட்டம். எத்தனை பேருக்குச் சில்லறை குடுத்தனோ!"

இருந்தாலும் நல்ல மனுஷன். கல்லாவைத் தட்டில் கவிழ்த்துக் கொடுத்தார். ரோட்டோரத்தில் நின்றபடி நாச்சிமுத்து ஒவ்வொரு காசாக எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். டீ குடிக்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"லட்ச ரூவாக் காசாமா!" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

மேசைக்கு வந்தவர்களிடம் நாச்சிமுத்து எத்தனையோ தடவை சொன்ன அதே கேலி. அந்தப் பக்கம் நின்று கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது. காசு கிடைக்கவில்லை.

மத்தியானம் லேபிள் கம்பெனிக்குப் போனார். கோகிலவாணி மேசையில் இருந்தார். நாச்சிமுத்து உட்காரவில்லை.

"வாய் தவறிருச்சுங்க அம்மிணி."

"வாயிங்களா, கண்ணுங்களா?"

"ரெண்டுந்தானுங்க. கண்ணு அவசரப்பட்டுது, வாய் தவறிருச்சு. ஒரு நாள் தப்பு. இத்தனை மாசமா உக்காந்திருக்கேன், ஒரு குத்தம் வந்திருக்குதுங்களா?"

"தப்புத்தானுங்களா? தேய்வு இல்லீங்களே?"

"தப்புத்தானுங்க. நீங்க அதை ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் பழையபடி மேசைக்கு வந்துருவேன்."

கோகிலவாணி அவரைப் பார்த்தார்.

"ஒத்தைக் காசைக் கையில வெச்சுக்கிட்டு தப்பா தேய்வான்னு எப்படிங்ணா சொல்றது?"

"பக்கத்து எழுத்தைப் பாக்கோணும்" என்றார் நாச்சிமுத்து, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல. "அதே அச்சுல அடிச்ச மத்த காசையுங் கொண்டாந்து வெச்சுப் பாக்கோணும்."

"அப்பப் பாருங்க."

அவருடைய சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த சிவப்பு அம்புத் தாளைக் காட்டினார்.

"அதைக் கொண்டுபோயி வீட்டுல அக்காகிட்டக் குடுங்க. உங்க வாயி பட்ட எடத்துல எல்லாம் ஒண்ணு ஒட்டச் சொல்லுங்க. ஒட்டறதுக்கு எடமே இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா, நீங்க சொல்றதுதான் சரி. தப்புத்தான்."

நாச்சிமுத்துவுக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. மனைவி ரத்தினாத்தாள் அவரைப் பற்றி ஒரு குறை சொல்லி அவர் கேட்டதே இல்லை. இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் ரத்தினாத்தாள் முறத்தை வைத்துக்கொண்டு கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாளை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"உங்க குருவுக்கும் உங்களுக்கும் நடுவுல என்னைய எதுக்குங்க இழுக்கறீங்க?"

"சும்மா ஒட்டு. நெசமாத்தான் கேக்கறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

ரத்தினாத்தாள் கையிலிருந்த தூசியை முந்தானையில் துடைத்தார். ஒரு அம்பை உரித்தார். தன் தொண்டையில் ஒட்டிக்கொண்டார்.

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. "அங்க என்ன?"

"கல்யாணமான புதுசுல துணி காயப்போடறப்பப் பாடுவேன். நீங்க உள்ள உக்காந்துட்டு, 'சுதி சேரலை'ன்னீங்க."

"நான் சொன்னனா?"

"சொன்னீங்க. கோவமாவெல்லாம் சொல்லல. பனியனைப் பாத்துச் சொல்ற மாதிரிதான்."

அவர் யோசித்துப் பார்த்தார். அப்படிச் சொன்னது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது வேறு. இந்த வீட்டில் அவள் பாடி அவர் கேட்டதே இல்லை. பாட்டில் விருப்பம் இல்லாதவள் என்று நினைத்திருந்தார். மாமியார் வீட்டில் யாரோ, உங்கள் சம்சாரம் பாடுவாளே என்று கேட்டபோது, ஆளை மாற்றிச் சொல்கிறார்கள் என்று சிரித்ததுகூட ஞாபகம் வந்தது.

ரத்தினாத்தாள் எழுந்து போய் உப்புச் சாடியில் ஒன்று ஒட்டினார். போனில் ஒன்று ஒட்டினார். பெங்களூரில் இருக்கும் மகன் ஏன் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறான் என்று நாச்சிமுத்து ஒரு நாளும் கேட்டதில்லை. கண்ணாடி பீரோவில் ஒன்று. எந்தச் சேலைக்கு என்ன சொன்னோம் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அம்புகள் ஒவ்வொன்றாகத் தாளை விட்டுப் போய்க்கொண்டிருந்தன.

நடுக்கூடத்தில் நின்று ரத்தினாத்தாள் தாளைப் பார்த்தார்.

"இது பத்தாதுங்க" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. மளிகைக் கடைக்குப் போகிறவரிடம் எண்ணெய் எவ்வளவு வேண்டும் என்று சொல்கிற குரல்.

மிச்சமிருந்ததையும் ஒட்டி முடித்துவிட்டு, வெறும் தாளை அவர் கையில் கொடுத்தார். மறுபடி முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து கடலைக்காயை உரிக்க ஆரம்பித்தார். தொண்டையில் அந்த அம்பு அப்படியே இருந்தது.

நாச்சிமுத்துவுக்கு அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது. அழுதால் கண்ணையாவது துடைத்துக்கொள்ளலாம். வெட்கத்துக்கு எதைத் துடைப்பது?

அடுத்த நாள் பெருமாநல்லூர் பஸ் ஏறினார். மயிலாத்தாளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு போனார். மண்டபத்தில் வெளிச்சம் போதவில்லை. கூட்டம் நெருக்கியது. மசகு அடைத்த காசு பார்வைக்குத் தேய்ந்தது போலவே இருக்கும். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. பஸ் கண்டக்டர் டிக்கெட்டும் சில்லறையும் கொடுத்தார். நாச்சிமுத்து அந்தச் சில்லறையைப் புரட்டிப் பார்த்தார். அதில் இல்லை.

மயிலாத்தாள் நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சுவரில் காக்கிச் சட்டையோடு அவருடைய கணவர் படத்துக்குள் இருந்தார்.

"உங்கூட்டுக்காரரு சொன்னதுதான் சரிங்க" என்றார் நாச்சிமுத்து நின்றபடியே. "அது தப்பாப் பொறந்த காசுதான். நான் சொன்னதுதான் பொய்யி."

மயிலாத்தாள் அவரைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார்.

"அப்ப ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

பஸ்ஸில் கோத்து வைத்திருந்ததையெல்லாம் நாச்சிமுத்து அப்படியே விட்டுவிட்டார்.

"நான் காசைப் பாக்கலீங்க."

"கண்ணாடி வெச்சுப் பாத்தீங்களே?"

"வெச்சிருந்தனுங்க. பாக்கல. சுத்தி நின்ன ஆளுகளைத்தான் பாத்துட்டிருந்தேன்."

இதை அவர் அதுவரை தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. சொன்ன பிறகு அங்கே நிற்க முடியவில்லை. போகவும் முடியவில்லை.

"காசு போச்சுங்களா?"

"போச்சுங்க. தேடிப் பாத்துட்டேன்."

"போனாப் போகுதுங்க." மயிலாத்தாள் படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. "அன்னைக்கு எல்லாருஞ் சிரிச்சாங்கல்லங்க. கூட நானுஞ் சிரிச்சுப்போட்டேன். அத்தனை வருசத்துல அவரைப் பாத்து நான் அப்படிச் சிரிச்சதே இல்லீங்க."

அந்தச் சிரிப்பு நாச்சிமுத்துவுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த அம்மாவே சிரித்துவிட்டாரே என்று அப்போது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். கேட்டால் அந்த அம்மா கொடுத்துவிடுவார் என்று பயம் வந்தது. கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

நேராக லேபிள் கம்பெனிக்குப் போனார். அம்புகள் தீர்ந்த வெறும் தாளைக் கோகிலவாணியின் மேசைமேல் வைத்தார்.

"தாள் தீந்துருச்சுங்க அம்மிணி. பத்தலைன்னுட்டா."

கோகிலவாணி தாளை எடுத்துப் பார்த்தார்.

"தப்பு இல்லீங்க. தேய்வு."

"ம்."

பெருமாநல்லூரில் நடந்ததையும் சொன்னார். சொல்லும்போது தரையைப் பார்த்துத்தான் சொன்னார். மயிலாத்தாள் சிரித்ததையும் விடவில்லை.

உள்ளே இயந்திரம் லேபிள்களை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா அம்மிணி?"

"கேளுங்ணா."

"தேஞ்ச அச்சுல அடிச்ச காசு செல்லுங்களா?"

"செல்லும். அதுதான் சங்கடம். தப்பா அடிச்ச காசை யாராச்சும் ஒருத்தர் எடுத்துப் பத்திரமா வெச்சுக்குவாங்க. தேஞ்ச அச்சுக் காசை ஒருத்தரும் எடுத்து வெக்க மாட்டாங்க. அது கை மாறிக் கை மாறிப் போயிட்டே இருக்கும்."

நாச்சிமுத்து பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். வேட்டி நுனியால் துடைத்து, தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதை நீங்களே வெச்சுக்குங்க. இனி நான் மேசைக்கு வரலீங்க."

வாசல் வரை போனவரைக் கோகிலவாணி கூப்பிட்டார். பூதக்கண்ணாடியை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"நீங்க அடிச்ச காசெல்லாம் வெளிய நடமாடிட்டிருக்குது. அச்சு மட்டும் பொட்டிக்குள்ள போயிப் படுத்துக்கலாமாங்ணா?"